அட்டைகளை விரித்தவருக்கு: வெள்ளி விழா நன்றி மடல்

அன்புள்ள கழக உறுப்பினர்களுக்கும், உறுப்பினராக இல்லாமலே நம்முடன் நின்ற நண்பர்களுக்கும் வணக்கம்.

நம் பழங்கார்க் கழகத்தின் 25ஆம் ஆண்டுக் கூடல் முடிந்து ஒன்பது நாட்கள் ஆகின்றன. கடைசி ரசீதை இன்று காலைதான் கோப்பில் வைத்தேன். யாருக்கும் ஒரு காசு பாக்கி இல்லை. புரவலர்கள் தருவதாகச் சொன்ன பணம் வராமல் போனதால், விழாவுக்கு முந்தைய மூன்று வாரங்களில் நாம் எந்த நிலையில் இருந்தோம் என்பதை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். அதை மறுபடியும் கிளறி யாரையும் நோகடிக்க வேண்டியதில்லை. நடத்துவதா, நிறுத்திவிடுவதா என்று நள்ளிரவில் ஒருவரையொருவர் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்த நாமே, 61 கார்கள் வரிசைகட்டி நின்ற மைதானத்தைக் கண்ணாரக் கண்டோம் என்பது எனக்கு இன்னும் முழுதாக மனத்தில் இறங்கவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அவர்களிடம் நான் பின்னர் வருகிறேன். முதலில் ஒருவரைப் பற்றி விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். பெயரைப் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் போடவில்லை. கல்லூரியில் படிக்கும் பெண். கழகத்தில் உறுப்பினர் இல்லை, சொந்தமாகக் கார் இல்லை, ஓட்டுநர் உரிமம்கூட இன்னும் எடுக்கவில்லை. நம் மூத்த உறுப்பினர் ஒருவரின் பேத்தி என்பதுதான் அவருக்கும் நமக்கும் உள்ள ஒரே தொடர்பு. அந்தப் பெரியவரின் மோரிஸ் மைனர் கார், எஞ்சின் பிரிக்கப்பட்டு வீட்டிலேயே நிற்பதால், தாத்தாவும் பேத்தியும் முதல் நாளே பேருந்தில் வந்து சேர்ந்திருந்தார்கள்.

மைதான ஒப்பந்தத்தில், வாடகைக்கு மேல் ஒரு டெபாசிட் கட்ட வேண்டும் என்றும், புல்தரையில் எண்ணெய்க் கறை காணப்பட்டால் அந்த இடத்து மண்ணை மாற்றிப் புல் வளர்க்கும் செலவு அதிலிருந்து பிடித்துக்கொள்ளப்படும் என்றும் ஒரு விதி இருந்தது. கையெழுத்துப் போட்டவன் நான். டெபாசிட் என்பது திரும்பி வரப்போகிற பணம், ஆகவே அது செலவில் சேராது என்று அப்போது எண்ணியிருந்தேன். ஆனால் நம் வரவு ஒரே நாளில் சுருங்கிய பிறகு நான் கணக்கை எத்தனை விதமாகப் போட்டுப் பார்த்தாலும், பந்தல் அமைத்தவருக்குத் தர வேண்டிய கடைசித் தவணைக்கு அந்த டெபாசிட்டைத் தவிர வேறு பணம் இல்லை என்ற இடத்தில்தான் வந்து நின்றது. அதில் ஒரு பகுதி பிடிக்கப்பட்டாலும், நம்மை நம்பி வேலை செய்தவரிடம் நாம் கைவிரித்து நிற்க வேண்டியதுதான்.

பழைய கார்களோடு வாழ்ந்தவர்களுக்கு இந்தக் கவலையின் கனம் தெரியும். மோரிஸ் மைனரில் 1952 முதல் பொருத்தப்பட்ட ஏ-சீரிஸ் எஞ்சினில், கிராங்க் ஷாஃப்ட் என்னும் சுழலும் தண்டின் பின்முனையில், கசிவை அடைக்க இன்றைய கார்களில் இருப்பது போன்ற ரப்பர் சீல் கிடையாது. தண்டில் வெட்டப்பட்டிருக்கும் சுருள் காடி, எஞ்சின் சுழலும்போது எண்ணெயை உள்ளே திருப்பிவிடும், எஞ்சின் நின்றதும் அந்தத் தடுப்பும் நின்றுவிடும். ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில், வால்வுகளை இயக்கும் கம்பிகள் செல்லும் புஷ்ராட் குழாய்களின் முனைகளில் கசியும். எத்தனை கருத்தாகப் பராமரித்தாலும், இரவு முழுவதும் ஓரிடத்தில் நிற்கும் பழைய கார் தன் அடியில் ஓர் அடையாளத்தை வைத்துவிட்டுத்தான் போகும். அப்படிப்பட்ட கார்களை, ஒரு சொட்டுக்கும் கணக்குக் கேட்கும் புல்தரையில் நாம் நிறுத்தப் போகிறோம் என்று அன்று மதியம் செயலாளரிடம் நான் புலம்பியது அந்தப் பெண்ணின் காதில் விழுந்திருக்கிறது. அது எனக்குத் தெரியாது.

முதல் நாள் மாலைக்குள் 43 கார்கள் வந்துவிட்டன. இரவு ஒன்பதரை மணி இருக்கும். வாசலில் பதிவேட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்த நான், இரண்டாம் வரிசையில் டார்ச் வெளிச்சம் ஒன்று தரையோடு தரையாக ஊர்வதைப் பார்த்து, திருட்டோ என்று பதறி ஓடினேன். அங்கே அவர் ஒரு காரின் பக்கத்தில் குப்புறப் படுத்து, கையை நீட்டி, விரித்த அட்டை ஒன்றை எஞ்சினுக்கு நேர் கீழே தள்ளிக்கொண்டிருந்தார். நினைவுப் பட்டயங்கள் வந்த பெட்டிகள், குடிநீர்ப் புட்டிகள் வந்த பெட்டிகள், நாற்காலிகளைச் சுற்றி வந்த அட்டைகள் என்று நாங்கள் குப்பை என ஒதுக்கியிருந்த அத்தனையையும் சேகரித்து, அகல விரித்து, நான்கு ஓரங்களையும் ஒரு விரலளவு மேல்நோக்கி மடித்து, உள்ளே பழைய செய்தித்தாளைப் பரப்பியிருந்தார். முன்னால் எஞ்சினுக்குக் கீழே ஒன்று, பின் அச்சுக்குக் கீழே ஒன்று. ஒவ்வோர் அட்டையின் மூலையிலும் காரின் எண். அதன் பக்கத்தில் ஓர் அம்புக்குறி.

அம்புக்குறி எதற்கு என்று கேட்டேன். "எங்கே சொட்டியிருக்கிறது என்று தெரிந்தால், எதிலிருந்து சொட்டியது என்று சொல்லிவிடலாம் சார். தாத்தா அப்படித்தான் பார்ப்பார்" என்றார். யார் செய்யச் சொன்னது என்று கேட்டதற்கு, யாரும் சொல்லவில்லை, தூக்கம் வரவில்லை என்று மட்டும் சொன்னார். அப்போது அவர் முடித்திருந்தது 19 கார்கள். நானும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். செயலாளர் வந்தார், வாயிற்காவலர் வந்தார், பன்னிரண்டு மணிக்கு மேல் எல்லா கார்களுக்கும் அடியில் அட்டை கிடந்தது. மறுநாள் வந்த 18 கார்களுக்கு, நிறுத்தும் இடத்தில் முன்கூட்டியே அட்டைகளை எடுத்துவைத்துவிட்டுத்தான் அவர் உறங்கப் போனார்.

புல்தரையைக் காப்பாற்றியது அந்த இரவு. ஆனால் அட்டைகள் செய்த பெரிய வேலை விடிந்த பிறகுதான் தெரிந்தது.

காலையில் பெரியவரும் பேத்தியும் வரிசை வரிசையாக நடந்து அட்டைகளைப் படித்தார்கள். படித்தார்கள் என்ற சொல்லைத் தெரிந்தே எழுதுகிறேன். கறுத்து வழவழவென்று இருந்தால் எஞ்சின் எண்ணெய், தடித்துக் கந்தக வாடை அடித்தால் கியர் பெட்டி அல்லது பின் அச்சு, நிறமூட்டிய தண்ணீராக இருந்தால் ரேடியேட்டர் என்று தாத்தா சொல்லச் சொல்ல, பேத்தி ஒரு குறிப்பேட்டில் எழுதி, உரிமையாளர்கள் வந்ததும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னார். பெரும்பாலானவை எல்லோருக்கும் தெரிந்த, பழகிப்போன கசிவுகள்தாம். மூன்றாம் வரிசையில் நின்ற ஃபியட் 1100இன் பின் அட்டையில் மட்டும், இடது சக்கரத்தின் உட்புறத்துக்கு நேராக, உள்ளங்கையளவு ஈரம் இருந்தது. கறுப்பும் இல்லை, வாடையும் இல்லை. என்ன என்று அவருக்குப் புரியாமல் தாத்தாவை அழைத்தார். பெரியவர் அதைத் தொட்டு, இரண்டு விரல்களுக்கு இடையே தேய்த்துப் பார்த்துவிட்டு, "இந்தக் காரை யாரும் நகர்த்தக் கூடாது" என்றார்.

பிரேக் திரவம். பிரேக் டிரம்மைக் கழற்றியபோது, அதற்குள் பிரேக்கை அழுத்தும் சக்கரச் சிலிண்டரின் ரப்பர் கிழிந்திருந்தது. முதல் நாள் மாலை வரை பெடல் கெட்டியாகத்தான் இருந்தது என்று அதன் உரிமையாளர் சொன்னார். அவர் சொன்னதில் ஐயமில்லை. 1960களின் பிற்பகுதி வரை வந்த பெரும்பாலான கார்களில் நான்கு சக்கரங்களின் பிரேக்குக்கும் ஒரே திரவப் பாதைதான் என்பதும், ஒரு சக்கரத்தில் கசிந்து தீர்ந்தால் நான்கிலும் பிடிப்பு போய்விடும் என்பதும் நம் கழகத்தில் யாருக்கும் புதிய செய்தி அன்று. அன்று பத்து மணிக்குத் தொடங்கிய ஊர்வலப் பாதையின் கடைசிப் பகுதி இறக்கம். அந்தக் காரின் பின் இருக்கையில் அவருடைய பேரக் குழந்தைகள் இருவர் உட்கார்ந்து வருவதாக இருந்தது. இதற்கு மேல் எதையும் எழுத என்னால் இயலவில்லை. அந்தக் குடும்பம் வேறொருவரின் காரில் ஊர்வலம் வந்தது. குழந்தைகள் வழி நெடுகக் கையசைத்தார்கள்.

விழா முடிந்த மறுநாள் மைதானப் பொறுப்பாளர் வந்து, நான் பின்தொடர, ஒவ்வொரு வரிசையாக நடந்து பார்த்தார். ஓரிடத்தில் அவர் சட்டென்று குனிந்தபோது எனக்கு மூச்சே நின்றுவிட்டது. புல்லுக்குள் கிடந்த ஒரு நட்டை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு நடையைத் தொடர்ந்தார். டெபாசிட் ஒரு காசும் குறையாமல் நான்காம் நாள் வந்தது. வந்த அன்றே பந்தல் அமைத்தவரின் கணக்கைத் தீர்த்தோம். எண்ணெய் ஊறிய அட்டைகளையும் தாள்களையும், கழிவெண்ணெய் சேகரிக்கும் பணிமனை ஒன்றிடம் ஒப்படைத்தோம். அதற்கும் அந்தப் பெண்தான் முன்னின்றார்.

இனி மற்றவர்களுக்கு. நெருக்கடி வந்ததும் யாரும் கேட்காமலே நுழைவுக் கட்டணத்தை இரண்டாம் முறை செலுத்தியவர்கள், வர முடியாமல் போனபோதும் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்காதவர்கள், எழுத்தில் எதுவும் வாங்கிக்கொள்ளாமல் கைமாற்றுக் கொடுத்த இருவர், முன்பணம் இல்லாமலே பட்டயங்களை வார்த்துக் கொடுத்தவர், கடைசித் தவணைக்குப் பொறுத்துக்கொண்ட பந்தல் அமைப்பாளர், காப்புறுதிப் பத்திரத்தை வரி வரியாக எனக்கு விளக்கி, ஊர்வலம் அதில் அடங்கவில்லை என்பதைக் கண்டுபிடித்துச் சேர்த்துக் கொடுத்த முகவர், 6 வோல்ட் கார்களுக்கு அவசரத்தில் யாரும் 12 வோல்ட் பேட்டரியை இணைத்துவிடாதபடி இரண்டு நாட்களும் மின்மேசையைக் காத்தவர்கள், வாசலில் வெயிலில் நின்றவர்கள், சமையலறையில் நின்றவர்கள், இத்தனை வாரங்களாக எங்களை வீட்டில் காணாமல் பொறுத்துக்கொண்ட குடும்பத்தினர்: உங்கள் ஒவ்வொருவருக்கும் என் வணக்கம். பன்னாட்டுப் பழம் வாகனக் கூட்டமைப்பான ஃபிவா வகுத்திருக்கும் 30 ஆண்டு வரம்பையே நாமும் காட்சி வரிசைக்கு வைத்துக்கொண்டதால், அந்த வயதை எட்டாத கார்களோடு வந்தவர்கள் முழுக் கட்டணம் செலுத்தியும் வெளி வட்டத்தில்தான் நிறுத்த நேர்ந்தது. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. அதை மறக்க மாட்டேன்.

பொருளாளர் என்ற முறையில் உங்கள் முன் ஓர் உறுதியும் தர வேண்டியிருக்கிறது. வாக்குறுதியாக மட்டும் இருந்த பணத்தை வரவுப் பக்கத்தில் எழுதியது என் தவறு. மைதானம், காப்புறுதி, பந்தல், கழிப்பறை வசதி ஆகியவற்றின் செலவு பத்துக் கார் வந்தாலும் நூறு கார் வந்தாலும் அப்படியேதான் இருக்கும். உணவும் பட்டயமும்தான் வருகையைப் பொறுத்துக் கூடும், குறையும். இனி நான் பொறுப்பில் இருக்கும் வரை, அந்த மாறாத செலவுகள் முழுவதும் கைக்கு வந்து சேர்ந்த கட்டணத்திலிருந்தே அடைபடும்படி திட்டமிடுவேன். புரவலர்களின் பணம் வங்கியில் வந்து விழுந்த பிறகு, அதற்கேற்ற கூடுதல் ஏற்பாடுகளைச் செய்துகொள்வோம். பிறருக்கு நாம் பணம் கட்ட வேண்டிய கடைசி நாளுக்கு முன்பே நமக்கு வர வேண்டிய கட்டணத்தின் கடைசி நாள் முடிந்துவிடும். ஆண்டுச் சந்தாவில் பத்தில் ஒரு பங்கு, 30ஆம் ஆண்டுக்கென்று இந்த மாதம் முதலே தனிக் கணக்கில் சேரும். ஊர்வலத்துக்கு முந்தைய இரவு ஒவ்வொரு காருக்கும் அடியில் அட்டை விரிப்பதும், காலையில் அதைப் பார்த்த பிறகே காரை எடுப்பதும், அழைப்பிதழிலேயே அச்சாகும்.

பட்டயங்களில் ஒன்றை அந்தப் பெண்ணுக்கென்று எடுத்துவைத்திருந்தேன். காரின் முகப்பில் பொருத்த வேண்டியதைக் கார் இல்லாத நான் வாங்கிக்கொள்வது முறையில்லை என்று முதலில் மறுத்தார். பிறகு, தாத்தாவின் மைனர் ஓடும் நாளில் அதில் பொருத்திக்கொள்வதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார். சென்ற ஞாயிறு நாங்கள் நால்வர் அந்த வீட்டுக்குப் போய்க் காரைப் பார்த்தோம். எஞ்சின் பாகங்கள் எல்லாம் எண் எழுதிய டப்பாக்களில் பத்திரமாக இருக்கின்றன, எழுத்து பேத்தியுடையது. தரைத்தகடு திடமாக இருக்கிறது. இனி ஒவ்வொரு ஞாயிறும் போவதாக முடிவு செய்திருக்கிறோம். முன்சக்கரங்களின் கீழ்ப்பக்க ட்ரன்னியன்கள் என்னும் மூட்டுகள் இரண்டும் தேய்ந்துவிட்டன. பயன்படுத்தாத ஒரு ஜோடி யாரிடமாவது இருந்தால் எனக்குத் தெரிவியுங்கள், நானே வந்து பெற்றுக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
பொருளாளர்