மூன்று "தொகுதி 3": மின்னூலக நூற்பட்டியல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். நீங்கள் வலையேற்றியிருக்கும் 'வெஸ்ட்மின்ஸ்டர் ரிவ்யூ' என்ற பழைய ஆங்கிலக் காலாண்டிதழ் பற்றிப் பலமுறை முறையிட்டாயிற்று. "பரிசீலனையில் உள்ளது" என்ற பதிலும் பலமுறை வந்தாயிற்று. கேட்பது ஒன்றே: ஒவ்வொரு பதிவிலும் ஆண்டையும், பழைய வரிசை எண், புதிய வரிசை எண் இரண்டையும் போடுங்கள்.

பட்டியலில் "தொகுதி 3" என்று மூன்று பதிவுகள் இருக்கின்றன. ஒன்றிலும் ஆண்டு இல்லை. முதலாவது, தத்துவவாதி ஜெரமி பெந்தம் பணம் போட்டு 1824இல் தொடங்கிய வரிசையின் 3, அதாவது 1825. அடுத்தது 1836. தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் ஆசிரியராக இருந்து பார்த்துவந்த 'லண்டன் ரிவ்யூ'வோடு இணைந்தபோது, அந்த இதழின் கணக்கில் 3, வெஸ்ட்மின்ஸ்டர் கணக்கில் 25 என அதற்கு இரட்டை எண். கடைசியானது 1853. பதிப்பாளர் ஜான் சாப்மன் கைக்கு இதழ் வந்தபின், 1852 ஜனவரியில் மறுபடி 1இலிருந்து எண்ணத் தொடங்கினார்கள். அந்த 3, பழைய கணக்கில் 59.

திறந்து பார்த்தாலாவது தெரியுமா? இதழ்களைச் சேர்த்துக் கட்டும்போது மேலட்டையையும் விளம்பரத் தாள்களையும் பைண்டர்கள் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். ஸ்கேனில் தலைப்புப் பக்கமும் விடுபட்டுவிட்டது. கட்டுரைகளில் எழுதியவர் பெயர் கிடையாது. மதிப்புரைகளின் தலையில் நூல் விவரத்தோடு பதிப்பாண்டும் இருக்கும். அவற்றில் மிகப் பிந்தியதைப் பார்த்து இதழின் ஆண்டை ஊகிக்க வேண்டியிருக்கிறது. பட்டியல் போடுவது எதற்காக என்று கேட்கத் தோன்றுகிறது.

இதழாசிரியர் பெயர் கதையும் இதேதான். 1852 முதல் எல்லாவற்றிலும் "சாப்மன்". அந்த வரிசையின் முதல் 10 இதழ்களை லண்டன் ஸ்ட்ராண்ட் தெரு 142ஆம் எண் வீட்டிலிருந்து உண்மையில் தொகுத்தவர் மேரியன் எவன்ஸ், பிற்பாடு ஜார்ஜ் எலியட் என்ற புனைபெயரில் நாவலாசிரியர் ஆனவர். அன்றைக்கு அவர் பெயரைப் போடவில்லை. 170 ஆண்டு கழிந்தும் நீங்கள் அந்த மரபைக் கட்டிக்காக்கிறீர்கள். நல்ல விசுவாசம்.

மன்னிக்கவும், விஷயத்துக்கு வருகிறோம். இதழ் 1914இலேயே நின்றுவிட்டது. இனி எந்த எண்ணும் மாறாது. ஒருமுறை உட்கார்ந்தால் முடிகிற வேலை. தயவுசெய்து இந்த மூன்று 3களிலிருந்தே தொடங்குங்கள்: 1825 – தொகுதி 3; 1836 – தொகுதி 3 மற்றும் 25; 1853 – புதிய வரிசையில் 3, பழைய வரிசையில் 59.

இப்படிக்கு,
பழைய இதழ்களைத் தேடிப் படிக்கும் வாசகர்கள்