சிலம்படிக் கழகம்: 2024 ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கம். பொங்கல் விளையாட்டு விழாவில் நம் பிள்ளைகள் சிலம்படி, அதாவது தடிச் சிலம்பம், ஆடினார்கள். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு வழமைபோல் தண்ணீர்ப்பந்தல் போட்டோம். கார்த்திகை வெள்ளத்தில் மூன்று கிழமை பயிற்சி நின்றது.

இனித் தலைக்கவச விசயம். மாசியில் ஒரு பெடியனுக்குப் புருவத்துக்கு மேலே அடிபட்டு மூன்று தையல் போட்டது எல்லாருக்கும் தெரியும். அடுத்த நாள் தாய் படலையடியில் நின்று, "பழசு பழசு எண்டு என்ர பிள்ளையின்ர கண்ணைக் குடுக்கேலுமோ?" என்று கேட்டா. என்னிடம் பதில் இல்லை. அதன் பிறகுதான் ஆறு தலைக்கவசமும் மார்புக்கவசமும் வாங்கினேன், பாதிக் காசு என் கையிலிருந்து.

ஆவணிக் கூட்டத்துக்கு முப்பது பேருக்கு மேல் வந்து, கவசம் போட்டால் அது சிலம்படியே இல்லை என்று இரண்டு மணித்தியாலம் பேசினார்கள். அடுத்த சனிக்கிழமை பயிற்சிக்கு வந்தது ஆறு பேர். கலையைக் காக்கிறவர்கள் தடியையும் தூக்கிக்கொண்டு வரவேண்டாமா?

அவர்கள் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்கமாட்டேன். கவசம் போட்ட பிள்ளை தலையை விலக்கப் பஞ்சிப்படுகிறது, ஒரு அடியை வாங்கி ஒரு புள்ளி எடுக்கப் பார்க்கிறது. ஜூடோவிலும் 2010 இலிருந்து போட்டியில் காலைப் பிடித்து வீழ்த்துவதைப் படிப்படியாகத் தடுத்தார்கள், பிறகு அந்தப் பிடியைப் பழகுகிறவர்களே குறைந்துபோனார்கள். ஆனால் அதே ஜூடோவை 1882 இல் தொடங்கிய கானோ ஜிகோரோ, ஆபத்தான அடிகளை ஆட்டத்திலிருந்து எடுத்தாலும் எறிந்துவிடவில்லை, கட்டா என்ற வரிசைகளுக்குள் அப்படியே வைத்தார். நாங்களும் அப்படிச் செய்யலாம் என்பதுதான் என் நிலைப்பாடு: கால் வைக்கும் முறையான சுவடும், அவற்றைக் கோத்த வரிசையும் கவசமில்லாமல் பழையபடி, இருவர் மோதும் எதிராட்டம் மட்டும் கவசத்தோடு, தலையில் பட்டால் புள்ளி இல்லை.

அதற்காகத்தான் நமக்குச் சிலம்படி சொல்லித்தரும் அண்ணாவியாரின் சுவடுகளைப் பதினொரு பின்னேரம் போனில் வீடியோ எடுத்தேன். வயது எண்பதைத் தாண்டியும் நெற்றி உயரத் தடியை ஊன்றி, பெருவிரலால் மணலில் கோடு கீறிக் காட்டினார். ஒரே சுவட்டை இரண்டு விதமாக வைத்தார். எது சரி என்று கேட்டேன். "முதலாவது என்ர வாத்தியார் காட்டினது, மற்றது என்ர முழங்கால் காட்டினது. ரெண்டையும் எடு" என்றார். இடம்பெயர்வில் எத்தனை வரிசைகள் எத்தனை பேரோடு போய்விட்டன என்று நினைத்தால் எனக்கு நித்திரை வருவதில்லை. இன்னும் நாலு வரிசை மிச்சம் இருக்கிறது, அவருக்கோ மூச்சு வாங்குகிறது.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். வந்தது செலவுக்குச் சரி, கையில் பெரிதாக ஒன்றும் இல்லை. நாற்பத்தொரு உறுப்பினரில் சந்தா முழுதாகக் கட்டியவர்கள் பதினேழு பேர். மாதம் நூறு ரூபாய் வெற்றிலைக் காசு. கஷ்டப்பட்ட ஆட்களை நான் கேட்கவில்லை, வசதியுள்ளவர்களுக்குத்தான் சொல்கிறேன்.

தலைவருக்கும், காணி தந்த அயலவருக்கும், தேத்தண்ணி தந்த மாதர் சங்கத்துக்கும் நன்றி.

2024 தையில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பிடித்தது. நம் பிள்ளைகளும் எங்கேயாவது போய் ஆட ஆசைப்படுகிறார்கள். வாற வருசமும் நானே செயலாளராக இருக்கவேண்டுமென்றால் எனக்குத் துணைக்கு இரண்டு இளம் ஆட்கள் வேண்டும், ஒருவருக்கு நல்ல போன் இருக்கவேண்டும். அண்ணாவியார் சனிக்கிழமை நாலு மணிக்கு வருவார். மழை பெய்தால் வாசிகசாலை விறாந்தையில்.