எல்லைக்கல்லைப் பிடுங்க வேண்டாம்: திருகோணமலைக் காணிச் சொந்தக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள காணிச் சொந்தக்காரர்களுக்கு,

வணக்கம். நிலாவெளியில் இருந்து வெருகல் வரை உங்கள் வளவுகளிலும் வயல்களிலும் முக்காலியை ஊன்றி நிற்கும் சேர்வேயர்களில் நானும் ஒருவன். பக்கத்து வளவுக்காரரோடு பேச்சுவார்த்தை முறிந்து, பொலிஸில் ஒரு முறைப்பாடும் விழுந்த பிறகுதான் உங்களில் பலருக்கு எங்கள் நினைவு வருகிறது. கொஞ்சம் முந்தி வந்தால் எத்தனையோ செலவு மிஞ்சும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அண்மையில் நகரத்துக்குக் கிட்ட ஒரு வளவு அளக்கப் போனேன். தகப்பன் மூன்று பெண்பிள்ளைகளுக்கும் அதைச் சீதனமாக எழுதிக் கொடுத்திருந்தார். மூன்று கலியாணம், மூன்று வருடம், மூன்று நொத்தாரிஸ். ஒவ்வொரு உறுதியிலும் (காணிப் பத்திரத்திலும்) 14 பேர்ச். ஒரு பேர்ச் என்பது சுமார் 272 சதுர அடி. இவற்றுக்கு மூலமான தாய் உறுதியிலோ மொத்தமே 40 பேர்ச். எழுதிய நாளில் யாரும் கூட்டிப் பார்க்கவில்லை, அளக்கவும் இல்லை. நான் அளந்தபோது 38.6 பேர்ச்தான் வந்தது. ஒழுங்கையை அகலமாக்கியபோது முன்பக்கம் கொஞ்சம் போயிருக்கிறது. ஆக 3.4 பேர்ச்சைக் காணவில்லை. மூத்தவர் நடுவிலவரைப் பார்த்தார், நடுவிலவர் சின்னவரின் மதிலைப் பார்த்தார். சின்னவர் என்னைப் பார்த்து, "சேர், மெசினை இன்னொருக்கா வைச்சுப் பாருங்கோ" என்றார். வைத்தேன். எத்தனை முறை வைத்தாலும் மெசின் நிலத்தை வளர்க்காது.

டோட்டல் ஸ்டேஷன் என்கிற அந்த அளக்கும் மெசின் இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தை மில்லிமீற்றர் கணக்கில் சொல்லும். அந்தப் புள்ளி உங்கள் காணியின் மூலையா என்பது அதற்குத் தெரியாது. மூலையை நான் கண்டுபிடிப்பது பழைய கல்லிலும், கதியால் வேலியிலும், உறுதியிலும், பழைய பிளானிலும், அந்த இடத்தில் நெடுங்காலம் இருந்தவர்களின் வாயிலும்தான். பிளானில் எல்லைகளைக் காட்டியவர் யார் என்று எழுதுகிறோமே, அது சும்மா ஒரு வரி அல்ல. பழைய பிளான் கையில் கிடைத்தாலும் பாடு முடியாது. ஒரு அங்குலத்துக்கு 4 சங்கிலி என்று கீறியவை இருக்கின்றன. சங்கிலி ஒன்று 66 அடி. அந்தத் தாளில் அரை மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு கோடு விழுந்தால், நிலத்தில் அது 5 அடியை மூடிவிடும். அந்த ஐந்தடிக்குள் எங்கே கல் நாட்டுவது என்று யோசிக்கிற நேரத்துக்கும் சேர்த்துத்தான் நாங்கள் காசு கேட்கிறோம். "அரை நாள் வெயிலில் நின்றதற்கு இவ்வளவா?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். கந்தோரில் பழைய பிளான் தேடுவதும் இரவில் கணக்குப் போடுவதும் உங்கள் கண்ணில் படுவதில்லை.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கூகுள் படத்தில் சிவப்புக் கோடு போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இதுதான் தம்பி எங்கட காணி" என்கிறீர்கள். போனில் உள்ள ஜி.பி.எஸ். திறந்த வெளியிலேயே மூன்று மீற்றர், ஐந்து மீற்றர் தள்ளிக் காட்டும், மரத்துக்குக் கீழே கேட்கவே வேண்டாம். 100 அடி நீளமான ஒரு பக்கத்தில் கோடு 10 அடி விலகினால் மூன்றரைப் பேர்ச்சுக்கு மேல் வரும். அதை நம்பி யாருடைய மதிலை இடிக்கச் சொல்கிறீர்கள்?

இங்கே அடையாளங்கள் அழிந்த கதை உங்களுக்கே தெரியும். 2004 டிசம்பரில் கடல் ஏறி வந்து வேலி, மதில், தென்னை என்று எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனது. 2006 இல் சம்பூரை விட்டு வெளியேறியவர்கள் 2015, 2016 இல் திரும்பி வந்தபோது ஊர் பற்றையாகக் கிடந்தது. அப்படியான இடங்களில் ஒரு கிணற்றுக்கட்டு, ஒரு கோயில் அத்திவாரம், மண்ணுக்குள் போன ஒரு கல் தென்பட்டால் எனக்கு அது புதையல். போரிலும் கடலிலும் போனதை யாரும் குறை சொல்ல முடியாது. மிஞ்சிய கல்லை நாங்களே பிடுங்குவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு வீட்டில் அரை நாள் தேடிய எல்லைக்கல், கடைசியில் உடுப்புத் துவைக்கிற கல்லுக்கு முட்டுக் கொடுத்தபடி கிணற்றடியில் கிடந்தது. "இதுவா சேர்? இது கனகாலமா இங்கதான் கிடக்கு" என்றார் வீட்டுக்காரர். அரசாங்கம் நாட்டிய எல்லைக்கல்லை அகற்றுவது குற்றம் என்பது இருக்கட்டும். இடம்பெயர்ந்த கல் பிறகு எந்த மூலையையும் காட்டாது.

வயல்காரர்களுக்கு: தம்பலகாமத்துப் பக்கம் வரம்பு வெட்டும்போது ஒவ்வொரு போகமும் மண்வெட்டி ஒரு விரற்கடை அந்தப் பக்கம் சாய்வதைப் பார்த்திருக்கிறேன். இருபது வருடத்தில் அது ஒரு முழத்தைத் தாண்டும். அளப்பதென்றால் பெரும்போக வெட்டு முடிந்த கையோடு கூப்பிடுங்கள். பயிர் நிற்கும்போது வந்தால் மிதித்ததற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பத்து மணிக்குப் பிறகு, குறிபார்க்கத் தூரத்தில் பிடிக்கிற கண்ணாடிப் பிரிசம் கண்ணுக்குள் கூத்தாடும், முக்காலியும் நடுங்கும். நான் விடியற்காலை ஆறு மணிக்கு வந்து கதவைத் தட்டுவது அதனால்தான், கோபிக்க வேண்டாம்.

அப்புறம் ஒன்று. நான் கையெழுத்து வைத்த பிளான் கிடைத்துவிட்டால் காணி உங்களுடையதாகி விடாது. உரித்து யாருக்கு என்பதை நீதிமன்றம்தான் சொல்லும். பிரிவினை வழக்கில் முதல் அளவைக்கு நீதிமன்றம் அனுப்பும் ஆணையாளராக நான் வந்தால், ஒவ்வொரு தரப்பும் எதை எல்லை என்று காட்டியது, எந்த மரத்தையும் கிணற்றையும் யார் உரிமை கோரினார் என்று எழுதிக் கொடுப்பதோடு என் வேலை முடிந்தது. கத்தியோடு வந்து நாடாவை அறுத்தால் அதையும் அறிக்கையில் எழுதுவேன், அடுத்த முறை பொலிஸோடு வருவேன். அரசாங்கம் பெர்மிட்டில் கொடுத்த காணியைப் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் இரண்டாகப் பிரித்துத் தரச் சொல்லியும் கேட்காதீர்கள். என் லைசன்ஸ் அதில் போய்விடும்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். பிள்ளைக்கு எழுதிக் கொடுக்குமுன் அளப்பியுங்கள், பிளானைக் காட்டி உறுதி எழுதுவியுங்கள். வீட்டிலுள்ள எல்லா உறுதிகளையும் எடுத்து வையுங்கள், கறையான் அரித்ததையும்தான். பார்வை மறைக்கிற பற்றையை முதல் நாளே வெட்டி விடுங்கள். யானை வருகிற பக்கமாக இருந்தால் மின்வேலி எங்கே போகிறது என்று முன்கூட்டியே சொல்லுங்கள், என் உதவியாள் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டான். முக்கியமாக, பக்கத்து வளவுக்காரருக்கு நீங்களே வாய்திறந்து திகதியைச் சொல்லுங்கள். பேச்சு இல்லாவிட்டால் கிராம சேவகர் மூலமாவது சொல்லி அனுப்புங்கள். அந்த மூன்று சகோதரிகளும் கடைசியில் ஒரே மரத்தடியில் கதிரை போட்டு இருந்தார்கள். குறைந்ததை மூன்றாகப் பங்கிட்டோம், மதில் தப்பியது. கல் நாட்டும்போது மூவரையும் பக்கத்தில் நிற்க வைத்துத்தான் சீமெந்து போட்டேன்.

இப்படிக்கு,
நில அளவையாளர் ஒருவர்,
திருகோணமலை.