நினிவேக்குக் கிழக்கே

கர்த்தருக்குள் அன்பான மகனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. தேவ கிருபையால் நானும் அம்மாவும் சுகம். அங்கே நீயும் மருமகளும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். மாதம் பிறந்ததும் நீ அனுப்பும் பணம் தவறாமல் வந்துசேருகிறது. இப்படி ஒரு பிள்ளை யாருக்கு வாய்க்கும் என்று அம்மா சொல்லாத நாளில்லை. ஆனால் அசனப் பண்டிகைக்கு வருவதாகச் சொல்லியிருந்த நீ, யார் யார் வருகிறார்கள் என்று கேட்டபின் விடுப்பு கிடைக்கவில்லை என்றாய். அதைப்பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

அசனம் நன்றாக நடந்தது. முந்தின இரவு கோவில் வளாகத்தில் காய் நறுக்கினவர்களோடு தம்பியும் விடியும்வரை உட்கார்ந்திருந்தான். மறுநாள் பந்தியில் சோற்று வாளியைத் தூக்கியதும் அவன்தான். நிற்க.

இப்போது வேதாகமத்தில் யோனா தீர்க்கதரிசியின் புஸ்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். ஓய்வுநாள் பாடசாலையில் யோனாவை மீன் விழுங்கிக் கக்கியதோடு நிறுத்திவிடுவார்கள். விஷயமெல்லாம் 4-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. கீழ்ப்படியாமல் ஓடிப்போன தன்னைப் பொறுத்துக்கொண்ட தேவன், மனந்திரும்பின நினிவே பட்டணத்தையும் அழிக்காமல் பொறுத்துக்கொண்டதை யோனாவால் தாங்க முடியவில்லை. நீர் நீடிய சாந்தமுள்ளவர் என்று எனக்கு அப்போதே தெரியும் என்று கர்த்தரிடமே குறைப்படுகிறான். பிறகு பட்டணத்துக்குக் கிழக்கே ஒரு குடிசையைப் போட்டு, நினிவேக்கு என்ன நடக்கிறதென்று பார்க்க உட்கார்ந்துவிடுகிறான். அவன் கோபத்துக்குக் காரணம் இல்லாமலில்லை, மகனே. நினிவேயின் கொடுமை உண்மையானது. கர்த்தரும் அதை மறுக்கவில்லை. வெயிலுக்கு ஓர் ஆமணக்கை முளைக்கப்பண்ணி, மறுநாள் அதைப் பூச்சி அரிக்கவிட்டு, நீ எரிச்சலாயிருக்கிறது நல்லதோ என்று கேட்கிறார். வலதுகை இடதுகை அறியாத 1,20,000-க்கும் அதிகமான பேருக்காகப் பரிதபித்தவர், முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த அந்த ஒருவனிடமும் அதே பொறுமையோடு பேசிக்கொண்டிருந்தார் என்பது இந்த வயதில்தான் என் கண்ணில் பட்டது. அவன் என்ன பதில் சொன்னான் என்று எழுதப்படவில்லை.

பத்திர விஷயத்தைப் பேச நான் வரவில்லை. உன் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனாலும் கோபத்தை வளர்க்காதே. நேரத்துக்குச் சாப்பிடு, இரத்த அழுத்த மாத்திரையை விடாதே, கோபத்தை வளர்க்காதே. கிறிஸ்துமஸ் விடுப்புக்கு இப்போதே எழுதிக் கொடு. தம்பியின் போன் எண் மாறியிருக்கிறது. அம்மாவிடம் கேட்டால் சொல்லுவாள்.

இப்படிக்கு,
அப்பா