70 கணக்கில் தமிழுக்கும் இடம் உண்டு

ஆசிரியருக்கு,

சிங்கப்பூரில் தொடக்கக் கல்லூரியில் ஏ லெவல் தேர்வுக்குப் பிள்ளை படிக்கும் வீடுகளில் எப்போது பார்த்தாலும் பல்கலைக்கழக இடத்தைப் பற்றித்தான் பேச்சு. ஆனால் பலர் இன்னமும் சேர்க்கைப் புள்ளிகளுக்குப் பழைய 90 கணக்கையே போட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2026 சேர்க்கையிலிருந்து மொத்தம் 70தான். முழு அளவில் படிக்கும் மூன்று எச்2 பாடங்களுக்கு 60, ஆங்கிலத்தில் எழுதும் பொதுத்தாளுக்கு 10. நான்காவது பாடமும் தாய்மொழியும் மொத்தத்தை உயர்த்தினால் மட்டும் சேர்த்துக்கொள்வார்கள், இல்லையென்றால் விட்டுவிடுவார்கள். குழுவாகச் செய்யும் திட்டப்பணிக்குத் தேர்ச்சி இருந்தால் போதும்.

இதைக் கேட்டதும் நம்மவர்கள் சிலர், "அப்போ தமிழுக்கு எதுக்கு மெனக்கெடணும், பாஸ் பண்ணா போதும்" என்று ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். சரி, கணக்குப் போட்டே பார்ப்போம். ஒரு பிள்ளை எச்2 பாடங்களில் ஏ, ஏ, பி, பொதுத்தாளில் பி எடுக்கிறது என்று வையுங்கள்: 20, 20, 17.5, 8.75, ஆக 66.25. நான்காவது பாடமான எச்1 பொருளியலில் (எச்1 என்றால் எச்2-இல் பாதி அளவு) சி வந்தால் 7.5, அதைச் சேர்த்தால் மொத்தம் இறங்கும், அதனால் ஒதுக்கிவிடுவார்கள். எச்1 தமிழில் ஏ வாங்கினால் 10. இப்போது 80க்கு 76.25, அதை 70க்கு மாற்றினால் 66.72. அரைப் புள்ளிகூட இல்லையே என்பீர்கள். கேட்ட துறை கிடைக்குமா கிடைக்காதா என்று இழுபறியில் நிற்கும் பிள்ளையிடம் போய் அப்படிச் சொல்லிப் பாருங்கள். சரியாகப் படிக்காவிட்டால் நட்டமில்லை, படித்தால் லாபம் என்று இருக்கும் ஒரு பாடத்தை யாராவது கைவிடுவார்களா?

பலதுறைத் தொழிற்கல்லூரிப் பிள்ளைகளின் கதை வேறு. பல்கலைக்கழகத்துக்கு அவர்கள் உயர்நிலைப் பள்ளி முடிவில் எழுதிய ஓ லெவல் மதிப்பெண்ணை இப்போது பார்ப்பதில்லை, தொழிற்கல்லூரிப் பாடங்களின் சராசரிப் புள்ளியான ஜிபிஏதான். அது முதலாண்டிலிருந்தே சேர்ந்துகொண்டு வருவது, மூன்றாம் ஆண்டில் விழித்துக்கொண்டு ஏற்றுவது லேசில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மதிப்பெண் கொஞ்சம் குறைந்தாலும் திறன் அடிப்படையிலான சேர்க்கை என்று ஒரு வழி இருக்கிறது. துறையில் உண்மையான ஆர்வம் உண்டா, அதற்கு என்ன செய்திருக்கிறாய் என்று எழுதச் சொல்வார்கள், சில துறைகளில் நேர்காணலும் உண்டு. இதற்காக முதலாண்டிலிருந்தே சான்றிதழ் சேர்ப்பதில் இறங்கிவிடுகிறோம், ஒரு நாள் பயிலரங்கு, அரை நாள் தொண்டூழியம், எல்லாவற்றுக்கும் ஒரு படம். எங்கள் புளோக்கில் ஒரு பையன், அப்பாவுக்கு ஏர்கான் சர்வீஸ் தொழில். பள்ளி விடுமுறை என்றால் அப்பாவோடு லாரியில் ஏறிவிடுவான், எந்த வீட்டில் தண்ணீர் ஏன் ஒழுகுகிறது, கேஸ் குறைந்ததா குழாய் அடைத்ததா என்று பார்த்ததும் சொல்லுவான். பொறியியலுக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தபோது இதில் ஒரு வரிகூட இல்லை! பேச்சுப் போட்டி இருந்தது, நெகிழி ஒழிப்பு நடை இருந்தது. "அப்பா வேலையைப் போய் எப்படி ஆன்ட்டி எழுதுறது" என்றான். எழுதுடா என்று சொன்னேன், அவன் அம்மாவுக்குத்தான் மனமில்லை. தேக்கா வட்டாரத்தில் குடும்பத்தின் பூக்கடையில் கணக்குப் பார்க்கும் பெண்ணும் இப்படித்தான் மறைப்பாள். படிக்கப் போவது கணக்கியலாக இருந்தால்கூட!

உங்கள் பத்திரிகையிடம் ஒரு வேண்டுகோள். ஏ லெவல் முடிவு வரும் நாளில் சாதித்த பிள்ளைகளின் படங்களைப் போடுகிறீர்கள், சந்தோஷம். அதற்கப்புறம் விண்ணப்பிக்கச் சில வாரங்கள்தான் இருக்கும். இந்தக் கணக்கையும் சேர்க்கை முறையையும் தொடக்கக் கல்லூரி முதலாண்டுப் பிள்ளைகள் பாடம் தேர்ந்தெடுக்கும் சமயத்திலேயே ஒரு பக்கம் எழுதுங்கள். கட்டாயத் தேசிய சேவைக்குப் போகும் பையன்களுக்கு இடத்தை எப்படி ஒதுக்கி வைக்கிறார்கள், சேவையில் இருக்கும்போதே மனம் மாறினால் மறுபடி விண்ணப்பிக்கலாமா என்பதையும் அதில் சேர்த்தால் நல்லது. ஆங்கிலம் அவ்வளவாக ஓடாத தாத்தா பாட்டிகளும் எங்கள் வீடுகளில் பிள்ளைகளுக்கு யோசனை சொல்கிறார்கள்.

இப்படிக்கு,
தொடக்கக் கல்லூரி மாணவி ஒருவரின் தாய்,
ஈசூன்