மூடாத டைமரை மாற்றித் தரக் கோரி

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: மாடித் தோட்ட டைமரின் பழுது, வாரன்டி மறுப்பு

ஐயா,

நான்கு மாதங்களுக்கு முன் உங்கள் குழாய் டைமர் ஒன்றை வாங்கி, திருச்சியில் எங்கள் மாடித் தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாயில் பொருத்தினேன். காலை 6 மணிக்குத் திறந்து 6.10-க்கு மூடுவதுதான் அதற்கு வேலை. போன மாதத்திலிருந்து திறக்கிறது, மூடுவதில்லை. இரண்டு முறை 500 லிட்டர் தொட்டி காலி. பக்கத்து வீட்டுச் சுவரில் தண்ணீர் வழிந்து, அவர்களிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

சேவை மையத்தில் பேட்டரி செல்லை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். அப்புறம், "போர் தண்ணியில உப்பு சார், வால்வு அடைச்சிருக்கும், வாரன்டி வராது" என்று முடித்துவிட்டார்கள். எங்களுக்கு வருவது மாநகராட்சியின் காவிரித் தண்ணீர். அதைக் கேட்கக்கூட இல்லை.

ரேடியோ, டிவி பழுது பார்த்தே காலம் தள்ளியவன் நான். மீட்டரோடு உட்கார்ந்தேன். புது செல் இரண்டும் சேர்ந்து 3.1 வோல்ட். டைமருக்குள் வால்வைத் திருப்பும் சின்ன மோட்டார் ஓடும்போது செல்லின் முனையில் 3 வோல்ட் நிற்கிறது. செல்லைத் தாங்கும் ஸ்பிரிங்கைத் தாண்டி சர்க்யூட் போர்டுக்குப் போகும் கம்பியில் 2.1-தான். ஸ்பிரிங் முழுக்கப் பச்சைக் களிம்பு. செல் மூடியைத் திறந்தாலே அந்தக் கம்பி கைக்கு எட்டும், சீல் எதையும் நான் பிரிக்கவில்லை.

காலை 6 மணிக்கு வால்வு திறக்கையில் வோல்ட் விழுந்ததும் திரை அணைந்து, நள்ளிரவு 12:00 என்று மறுபடி எழுகிறது. டைமருக்கு 6.10 ஆகும்போது எங்களுக்குப் பகல் 12.10! உயிர் வந்ததும் முதலில் வால்வை மூடும்படி புரோகிராம் எழுதியிருந்தால் தண்ணீராவது மிஞ்சியிருக்கும்.

ஸ்பிரிங்கை உப்புத்தாளால் தேய்த்தேன். பன்னிரண்டு நாள் ஒழுங்காக ஓடியது, பிறகு பழையபடி களிம்பு. செல் மூடியின் ரப்பர் வாசர் ஒரு மூலையில் பள்ளத்தில் உட்காரவே இல்லை, அதன் வழியாகத்தான் ஈரம் இறங்குகிறது. அட்டைப்பெட்டியில் 'ஐபி 65' என்று தூசி, நீர் காப்புத் தரத்தை அச்சிட்டிருக்கிறீர்கள். அதில் 5 என்றால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலும் தாங்க வேண்டும். இதற்குப் பூவாளித் துளிக்கே இந்தக் கதி.

ஆகவே வாசர் சரியாகப் பொருந்திய வேறு டைமரை 15 நாட்களுக்குள் அனுப்புங்கள். முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் தாருங்கள். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் அதைக் காட்ட வேண்டியிருக்கும்.

பில் நகலும், களிம்பு, வாசர், மீட்டர் அளவு ஆகியவற்றின் படங்களும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
(கையொப்பம்)