இனி கிராக் போடுவதில்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இந்த மாதம் முதல் நம் கடையில் கிராக் போட்ட, அதாவது லைசென்ஸ் வாங்காமல் பூட்டை உடைத்த, விண்டோஸை எந்தக் கம்ப்யூட்டரிலும் ஏற்ற மாட்டோம். செகண்ட் ஹேண்ட் லேப்டாப், டெஸ்க்டாப் வாங்குகிறவர்களுக்கு லினக்ஸ் மின்ட் ஏற்றித் தருவோம். விண்டோஸ் மாதிரியே கம்ப்யூட்டரை இயக்குகிற, காசு கேட்காத ஓ.எஸ்.தான் லினக்ஸ்; அதில் ஒரு வகை மின்ட். விண்டோஸ்தான் வேண்டும் என்றால் அசல் லைசென்ஸ் வாங்கிப் போட்டு, அதன் விலையைப் பில்லில் தனியாகக் காட்டுவோம். கவுண்டரில் நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் இந்த மடல்.

முதலில் எங்கள் தவற்றைச் சொல்லிவிடுகிறோம். "ஓ.எஸ். போட்டுக் கொடுங்க" என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் பல வருடங்களாகக் கிராக் விண்டோஸைத்தான் போட்டுக் கொடுத்தோம். கிராக் வேலை செய்வதற்கு ஆன்டிவைரஸை அணைக்க வேண்டும். அதையும் நாங்களே அணைத்தோம். சில வருடங்களுக்கு முன் போடி ஏலக்காய் வியாபாரி ஒருவர் சிபியூவைத் தூக்கிக்கொண்டு வந்தார். திறந்து பார்த்தால், எல்லா ஃபைல் பெயருக்கும் வாலாக நாலு எழுத்து ஒட்டியிருந்தது. எந்த ஃபோல்டருக்குள் போனாலும் ஒரே டெக்ஸ்ட் ஃபைல்: 980 டாலர் கட்டினால் பூட்டைத் திறப்போம், 72 மணி நேரத்துக்குள் கட்டினால் 490. கிராக் ஃபைல்களுக்குள் ஒளிந்து பரவுகிற ரான்சம்வேர் அது, ஃபைல்களைப் பூட்டிப் பணம் பறிக்கிற வைரஸ். மூன்று வருட ஏலக்காய்க் கணக்கு, பில்கள், மகள் கல்யாண ஃபோட்டோ, ஒன்றையும் மீட்க முடியவில்லை. அவர் எங்களைத் திட்டவே இல்லை. "பேக்கப் எடுத்து வச்சிருக்கணும் தம்பி, என் தப்புதான்" என்றார். ஆன்டிவைரஸை அணைத்தது அவர் இல்லை, நாங்கள். அன்று சாயங்காலம் கடையைப் பூட்டும்போது இருந்த மனநிலை இன்னும் மறக்கவில்லை.

லினக்ஸ் என்றதும் எல்லோரும் முதலில் சொல்வது "அது ஃப்ரீ" என்பதைத்தான். நம் ஊரில் அந்தப் பேச்சு எடுபடாததற்குக் காரணம் எங்களைப் போன்ற கடைகள்தான். விண்டோஸையும் நாங்கள் ஓசியில் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தால், லினக்ஸ் ஓசி என்பதில் யாருக்கு என்ன லாபம்? 1991-இல் ஃபின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் ஆரம்பித்து வைத்தது இன்று உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் அத்தனையிலும் ஓடுகிறது. உங்கள் ஆண்ட்ராய்டு போனின் அடியிலும் இருப்பது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல்தான். மேசைக் கம்ப்யூட்டரில் மட்டும், இணையத்தில் யார் எந்த ஓ.எஸ். பயன்படுத்துகிறார்கள் என்று கணக்கெடுக்கும் ஸ்டாட்கவுண்டரின்படி உலக அளவில் 4 சதவீதத்தைத் தொடுவதற்கு 2024 பிப்ரவரி ஆகிவிட்டது. தரம் போதாமல் இல்லை. கடையில் வாங்கி வீட்டில் ஆன் செய்தால் திரையில் எது வருகிறதோ அதையேதான் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கடைசி வரை வைத்திருக்கிறார்கள். எது வர வேண்டும் என்பதை விற்கிறவர் முடிவு செய்கிறார்.

அதோடு, சொல்லிக்கொடுக்க ஆளும் வேண்டும். 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் ஞாபகம் இருக்கிறதா? அவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய நம் நாட்டு லினக்ஸ் அது. இத்தனை லட்சம் பிள்ளைகள் கையில் லினக்ஸைக் கொண்டுபோய்ச் சேர்த்தது சின்ன காரியம் இல்லை. ஆனால் நம் கடைக்கு வந்த பிள்ளைகள் கேட்டதெல்லாம், "அண்ணா, ஆன் பண்ணினா ரெண்டு ஓ.எஸ். பேர் வருது, கீழே இருக்கறதை எடுத்துடுங்க, இடத்தை அடைக்குது" என்பதுதான். அதைத் திறந்து ஒரு கடிதம் அடித்துக் காட்ட ஒருவர் பக்கத்தில் இருந்திருக்கலாம். எங்களுக்கும் தோன்றவில்லை. அழித்துக் கொடுத்துக் காசு வாங்கிக்கொண்டோம்.

மலைக்கு அந்தப் பக்கம் கதை வேறு. கேரளத்தில் 2001-இல் ஐடி@ஸ்கூல் திட்டம் ஆரம்பித்தது. அப்புறம் படிப்படியாக அரசுப் பள்ளிகளை முழுக்கவே லினக்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், பாடப்புத்தகத்தையே அதற்கேற்ப எழுதினார்கள், பரீட்சையும் அதில்தான். போன வருடம் பூப்பாறையிலிருந்து ஒரு அப்பாவும் பத்தாவது படிக்கிற மகளும் செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்க இறங்கி வந்தார்கள். நாங்கள் வழக்கம்போல் விண்டோஸ் போட்டு வைத்திருந்ததை அந்தப் பெண் திறந்து பார்த்துவிட்டு, "ஜிம்ப், இங்க்ஸ்கேப், ஜியோஜீப்ரா எல்லாம் எங்கே அண்ணா? உபுண்டு போட்டுத் தர முடியுமா?" என்று கேட்டாள். முதல் மூன்றும் அவள் பள்ளியில் பழகிய படம் வரைகிற, கணக்குப் போடுகிற சாஃப்ட்வேர்கள், உபுண்டு இன்னொரு வகை லினக்ஸ். நாங்கள் முழித்தோம். பென் டிரைவ் தேடி, டவுன்லோடு செய்து, ஏற்றி முடிக்க மதியம் ஆகிவிட்டது. எந்தக் கீபோர்டு லேஅவுட், எந்த டைம்ஸோன் என்று திரையில் வந்த கேள்விகளுக்கெல்லாம் அவள்தான் பதில் சொன்னாள்.

இப்போது ஏன் மாறுகிறோம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10-க்கான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றது. வீட்டு உபயோகத்துக்கு நீட்டிப்பு பதிவு செய்தவர்களுக்கும் மைக்ரோசாஃப்ட் முதலில் அறிவித்தது 2026 அக்டோபர் 13 வரைதான். விண்டோஸ் 11 வேண்டும் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை ப்ராசசரும் கேட்கிறது. நீங்கள் நம்மிடம் வாங்கிய ஆறாம், ஏழாம் தலைமுறை மெஷின்கள் இன்னும் நல்ல திடமாக இருக்கின்றன. அவற்றை எடைக்குப் போடச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி மாட்டி, மின்ட் ஏற்றினால் நன்றாகவே ஓடுகின்றன. மின்ட் 22-க்கு 2029 வரை அப்டேட் வரும். பழைய மெஷினுக்கு மின்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு இன்னும் லேசாக இருக்கும்.

சரி, எல்லோரும் மாறலாமா? கூடாது. டேலியில் கணக்குப் போடுகிறவர்கள் விண்டோஸிலேயே இருங்கள், லைசென்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள். டேலிக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. குறுக்கு வழியில் ஓட்டலாம்தான், ஆனால் கணக்கு விஷயத்தில் குறுக்கு வழியை நாங்கள் இனி யாருக்கும் சொல்வதாக இல்லை. ஃபோட்டோஷாப், கோரல்டிராவில் ஃபிளெக்ஸும் கல்யாணப் பத்திரிகையும் அடிக்கிறவர்களுக்கும் அதே பதில்தான். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்திருப்பவர்கள் அதைக் கொண்டுவந்து நம் டெமோ மெஷினில் செருகி, லினக்ஸில் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பிரவுசர், மெயில், ஜிஎஸ்டி தளம், பிள்ளைகளின் ஆன்லைன் கிளாஸ், லெட்டர், எக்செல் மாதிரிக் கணக்கு, சினிமா பார்ப்பது, இவ்வளவுதான் வேலை என்றால் தாராளமாக வாருங்கள். வேர்ட் ஃபைல்கள் மின்டோடு வருகிற லிப்ரே ஆபீஸில் திறக்கும். கட்டம் கட்டமாக டேபிள் போட்ட ஃபைலில் சில சமயம் வரி இடம் மாறும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். தமிழில் அடிக்க தமிழ்99 கீபோர்டு முறை, பழைய டைப்ரைட்டர், ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்குவது என மூன்றையும் அமைத்துத் தருவோம். டைப்ரைட்டிங் முடித்த ரிட்டயர்டு தாசில்தார் ஆபீஸ் கிளார்க் அம்மா ஒருவர், அந்த டைப்ரைட்டர் முறையில் கீபோர்டைப் பார்க்காமலே மனு அடிக்கிறார். முதல் நாள் அவர் கேட்ட ஒரே கேள்வி, "சேவ் பண்றது எங்கே?" என்பது.

உடனே மாற வேண்டியதில்லை. பென் டிரைவில் மின்ட் போட்டுத் தருகிறோம். உங்கள் மெஷினில் செருகி, உள்ளே இருப்பதைத் தொடாமல் ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். பென் டிரைவில் ஓடுவதால் கொஞ்சம் மெதுவாக இருக்கும். ஏற்றிய பிறகு அந்த மந்தம் இருக்காது. மாற்றிக்கொண்டவர்களுக்கு மூன்று மாதம் போனிலும் கடையிலும் இலவசமாகச் சொல்லித் தருவோம். ஞாயிறு காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை அதற்கென்றே ஒரு பையனை உட்கார வைத்திருக்கிறோம். பிடிக்கவில்லை என்றால் ஏற்றுவதற்கு வாங்கிய ஐந்நூறு ரூபாயைத் திருப்பித் தந்துவிடுவோம்.

வரும்போது சார்ஜர், ஜிமெயில் பாஸ்வேர்டு, வீட்டு பிரின்டரின் மாடல் நம்பர் மூன்றையும் மறக்காதீர்கள். பிரின்டர்தான் முக்கியம். சில பழைய லேசர் மாடல்கள் லினக்ஸில் படுத்தி எடுக்கின்றன. முன்னாடியே தெரிந்தால் உங்களுக்கு இரண்டு நடை மிச்சம். பேக்கப் எடுக்க ஒரு காலி எக்ஸ்டர்னல் டிஸ்க்கும் இருந்தால் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் எங்கள் டிஸ்கில் எடுத்து, நீங்கள் வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று போன் செய்யும் வரை வைத்திருப்போம்.

அன்புடன்,
உங்கள் கம்ப்யூட்டர் கடை,
போடிநாயக்கனூர்